பெட்டி இரண்டு நாள் முன்னதாக வரட்டும்

பழைய தமிழ்ப் படங்களை 35 எம்.எம். பிலிமிலேயே திரையிட்டுவரும் திரைப்படச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் கல்லூரித் திரைப்பட மன்றங்களின் அமைப்பாளர்களுக்கும், ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர் ஒருவர் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

வினியோகஸ்தர்கள் டி.கே. ஏரியா என்று சொல்லும் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதியில், ஒரு சிறு நகரத்துத் திரையரங்கில் 1979 முதல் 2012 வரை ஆபரேட்டராக வேலை பார்த்தவன் நான். புரொஜக்டரின் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்தில் பூத்துக்குள் நுழைந்தேன். செனான் விளக்கு வந்ததையும் பார்த்தேன். படப்பெட்டி வருவதே நின்றுபோய், ஹார்ட் டிஸ்க்கில் படம் வரத் தொடங்கிய பிறகு வெளியே வந்தேன். அதன் பிறகும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை உங்களில் யாராவது தேடிப்பிடித்துக் கூப்பிடுகிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. இந்த மடல், அந்த அழைப்புகளில் ஒன்றைப் பற்றியது.

சென்ற ஆண்டு நடந்த திரையிடல் அது. எந்த ஊர், எந்த அமைப்பு என்பதை எழுதப்போவதில்லை. நடந்தது வேறு எங்கும் நடந்திருக்கக் கூடியதுதான். 16 ரீல் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். காட்சி மாலை 6.30 மணிக்கு. தகரப் பெட்டிகள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது மணி 4.30. ஒரு ரீலைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே ஒரு முறை சுற்றி முடிக்க எனக்கு அரை மணி நேரமாவது வேண்டும். 16 ரீலுக்கு 8 மணி நேரம். இருந்ததோ 2 மணி நேரம். முதல் நான்கு ரீலை மட்டும் பார்த்துவிட்டு, "ஓட ஓடப் பார்த்துக்கொள்ளலாம் அண்ணாச்சி" என்று அமைப்பாளர் சொன்னதற்குத் தலையாட்டினேன். தலையாட்டியது என் குற்றம். ஒன்பதாம் ரீலில், அறுந்த பிலிமை இணைக்க யாரோ எப்போதோ போட்ட ஒட்டு ஒன்று, விளக்கொளி பிலிமின் மேல் விழும் கேட்டுக்குள் வாய் பிளந்தது. நான் மோட்டாரை நிறுத்துவதற்குள் மேலிருந்து வந்த பிலிம் கதவுக்குள்ளேயே குவிந்து, மடிந்து, பல்சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தது. வெட்டி எடுத்தது 11 அடி. ஓட்டத்தில் அது 7 விநாடிக்குச் சற்று மேல். அந்த 7 விநாடியில், வெளியூரிலிருந்து திரும்பிய மகன் தட்டுவதைக் கேட்டு ஒரு தாய் எழுந்து வந்து கதவைத் திறப்பாள். அந்தப் பிரதியில் இனிக் கதவு திறக்காது. அடுத்த கணமே இருவரும் உள்ளே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அரங்கில் விசில் பறந்தது. பழைய கொட்டகையில் பிலிம் அறுந்ததும் ஆபரேட்டரைத் திட்டிய ஞாபகம் எல்லாருக்கும் வந்துவிட்டது. விளக்கு போட்டதும் அமைப்பாளர் மேடையேறி, இதுதான் பிலிமின் அழகு, இந்த உயிர்ப்பு டிஜிட்டலில் கிடைக்குமா என்று கேட்டார்; கைதட்டினார்கள். அந்த நேரத்தில் நான் பூத்தில் கீழே உட்கார்ந்து, கசங்கிய 11 அடியை உறையில் போட்டு ரீல் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன்.

பிலிம் ஓடும்போதுதான் கெடும் என்று நினைப்பவர்கள் அதிகம். துடைத்துச் சுத்தம் செய்து, மேலும் கீழும் பிலிம் தளர்வாக வளைந்து நிற்கும் லூப்பைச் சரியாக விட்டு, கேட்டின் இறுக்கத்தைச் சரிபார்த்துப் பூட்டிய புரொஜக்டர் ஒரு நல்ல பிரதியை அவ்வளவு எளிதில் கெடுப்பதில்லை. நாளுக்கு நான்கு காட்சியாக நூறு நாள் ஓடிய படத்தின் பிரதி, நானூறு முறை அந்தக் கேட் வழியாகப் போய் வந்திருக்கிறது. அப்படிப் போய் வந்தும் பார்க்கும்படியாக இருந்த பிரதிகளை நான் கையில் வைத்திருந்திருக்கிறேன். பிரதியைக் கொன்றது பெரும்பாலும் ரீவைண்டிங் அறையின் மேசைதான். அவசரமாகச் சுற்றுவது, தளர்ந்த சுருளை முனையைப் பிடித்து இழுத்து இறுக்குவது, தரையில் தொங்கவிடுவது, ஒட்டை அரைகுறையாகப் போடுவது எல்லாம் அங்கே நடப்பவை. இழுத்து இறுக்கும்போது சுற்றோடு சுற்று உரசும். இடையில் இருக்கும் ஒவ்வொரு தூசியும் ஒரு கோட்டைக் கீறும். "படத்தில் மழை பெய்கிறது" என்று நீங்கள் சொல்வது அந்தக் கோடுகளைத்தான். அந்த மழையை வயதின் அழகு என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். அது வயதால் வந்ததல்ல, எங்கள் கை செய்தது.

மேசையில் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு நேரம் ஏன் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. புளித்த காடி வாடை அடித்தால், அசிட்டேட் பிலிம் தன்னைத் தானே தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ரீலை மற்றவற்றோடு சேர்த்து மூடி வைக்கக் கூடாது. ஆவி மற்றதையும் கெடுக்கும். அப்படிப்பட்ட பிலிம் சுருங்கவும் செய்யும். திரையிடும் பிரதியில் 100 துளைகள் 475 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஒரு நல்ல இரும்பு அளவுகோலை வைத்து அளந்தால், 4 அல்லது 5 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அவ்வளவு சுருங்கியிருந்தால் பல்சக்கரம் துளையில் சரியாக உட்காராது, ஓட்டினால் கிழியும். அந்த ரீலுக்குத் திரையிடல் கிடையாது என்று சொல்ல உங்களுக்கும் மனம் வர வேண்டும்.

1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய பிரதி என்றால், விளிம்பில் சேஃப்டி என்ற ஆங்கிலச் சொல் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் பிலிமாக இருக்கலாம் என்றே கொள்ளுங்கள். நைட்ரேட் தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும், ஏனென்றால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்தப் பெட்டியைக் கல்லூரி அறையில் ஓர் இரவுகூட வைக்காதீர்கள், காப்பகத்தாரைக் கூப்பிடுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பிறகு சுற்றத் தொடங்கலாம். இடது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பிலிமின் இரு விளிம்பையும் தொட்டும் தொடாமலும் பிடித்திருக்க, வலது கை ரீவைண்டரின் கைப்பிடியை மெதுவாகச் சுழற்றும். மெல்லிய பருத்திக் கையுறை போட்டிருந்தால் வேலை எளிது: கிழிந்த துளை ஒன்று வந்ததும் நூல் சிக்கி இழுக்கும், நின்று பார்க்கலாம். பழகிய விரலுக்கு ஒட்டின் தடிப்பும், விளிம்பின் வெட்டும், முன்பு யாரோ ஒட்டிய டேப்பின் பிசுக்கும் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொரு ஒட்டிலும் நிறுத்தி, லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். உறுதியான ஒட்டு பிலிமோடு பிலிமாக வளையும். செத்த ஒட்டின் ஓரம் நகம் போல எழும்பும். ஒன்பதாம் ரீலில் அன்று எழும்பியது அதுதான், பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒட்டில் இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு சட்டகத்துக்கு நான்கு துளை. ஒட்டும்போது ஒரு துளை தவறினாலும், அந்த இடத்திலிருந்து நாயகியின் தலை திரையின் அடியிலும் கால் மேலேயும் வந்து நிற்கும். ஆபரேட்டர் ஓடிவந்து சரிசெய்யும் வரை அரங்கு சிரிக்கும். கோபம் வர வேண்டிய காட்சியில் அப்படிச் சிரிப்பு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கீறலைப் பார்த்தே அதன் ஆழத்தைச் சொல்லிவிடலாம். பின்பக்கத்துக் கீறல் திரையில் கறுப்புக் கோடாக விழும். சுத்தம் செய்தால் ஓரளவு குறையும். படம் பதிந்திருக்கும் பூச்சான எமல்ஷன் பக்கத்துக் கீறல் வண்ணப் பிரதியில் முதலில் பச்சையாகத் தெரியும், இன்னும் ஆழமானால் மஞ்சள், அடிவரை போனால் வெள்ளை. பச்சைக்கோட்டைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அதற்கு மருந்து கிடையாது. அது ரீல் முழுக்க ஒரே இடத்தில் நேராக ஓடினால் எங்கோ ஒரு புரொஜக்டரில் பிசிறு இருந்திருக்கிறது. அது உங்கள் புரொஜக்டராக இல்லாமல் பார்த்துக்கொள்வதற்காகவே, முதலில் ஒரு வேண்டாத துண்டை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

ஒட்டுப் போடும் முறைக்கு வருகிறேன். அசிட்டேட் பிலிமுக்கு எமல்ஷனைச் சுரண்டி, சிமெண்ட் தடவி, ஜாயினரில் அழுத்தி வைப்போம். அது பசை அல்ல, இரு துண்டையும் கரைத்து ஒன்றாக்குவது. பாலியஸ்டர் பிலிமில் அந்தச் சிமெண்ட் பிடிக்காது, டேப்தான் போட வேண்டும். கையில் இருப்பது எது என்று தெரிய ஓர் எளிய வழி: சுருளின் பக்கவாட்டை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் பாலியஸ்டர். இருட்டாக இருந்தால் அசிட்டேட். பாலியஸ்டர் எளிதில் அறாது, நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். சிக்கிக்கொண்டால் பிலிம் அறுவதற்குப் பதில் புரொஜக்டரின் உறுப்பு உடையும்.

ஒட்டின் மேல் ஒலித்தடம் போகும் இடத்தில் கறுப்பு மையால் ஒரு சிறு முக்கோணம் வரைவது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் ஒட்டு ஒலி படிக்கும் இடத்தைக் கடக்கும்போது 'டப்' என்று ஒலிபெருக்கி அடிக்கும். அந்த 'டப்', படம் துள்ளிய உடனே வராது. ஒலியைப் படிக்கும் இடம் கேட்டுக்குக் கீழே சுமார் 20 சட்டகம் தள்ளி இருப்பதால், ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாகத் தாமதித்து வரும். புதிய ஆபரேட்டர் ஒட்டைத் தேடும்போது தவறான இடத்தில் தேடுவது இதனால்தான்.

இனி, நான் உங்களிடம் சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். உங்களுக்கு வரும் பிரதிகளின் நிலைக்கு எங்களுக்கும் பங்கு உண்டு. லேபிலிருந்து பிரதி ஆயிரம் அடி ரீல்களாக வரும். 1 அடிக்கு 16 சட்டகம், விநாடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில், 1000 அடி என்பது 11 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. பதினொரு நிமிடத்துக்கு ஒரு முறை புரொஜக்டர் மாற்ற முடியாது என்று, இரண்டிரண்டு ரீலைச் சேர்த்து ஒரு ஸ்பூலாக்குவோம். படம் ஊரை விட்டுப் போகும்போது மறுபடி பிரிப்போம். சேர்க்கும்போது ஒரு சட்டகம், பிரிக்கும்போது ஒரு சட்டகம் போகும். அடுத்த ஊரிலும் அதேதான். பெரிய நகரத்தில் ஓடிய பிரதி சிறு நகரத்துக்கு, அங்கிருந்து டூரிங் கொட்டகைக்கு என்று பத்து இடம் மாறிவிட்டால், ஒவ்வொரு சந்திப்பிலும் ஏறக்குறைய ஒரு விநாடி கரைந்திருக்கும். ரீல் மாறும் இடத்தில் வசனத்தின் பாதி காணாமல் போவது இப்படித்தான்.

இது தவிர, இரண்டாம் ஆட்டம் முடிந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய கூட்டத்துக்காக முதலாளி ஒரு பாட்டைத் தூக்கச் சொல்வார், தூக்குவோம். தூக்கியது எப்போதும் திரும்பிப் போய்ச் சேராது. அடுத்த புரொஜக்டருக்கு மாற வேண்டிய இடத்தைக் காட்ட லேபில் போட்ட மாற்றுக்குறி மங்கலாக இருக்கிறதென்று ஆணியால் நாங்களே பெருக்கல் குறி கீறுவோம். ஒரே பிரதியை இரண்டு கொட்டகையில் ஓட்டிய நாட்களில், சைக்கிளில் பெட்டியோடு பறந்துவரும் பையனுக்காக ரீலைச் சூட்டோடு சூடாகச் சுற்றி எறிந்திருக்கிறோம். வெட்டிய துண்டுகளைப் பின்பக்கச் சன்னல் வழியாகப் போட்டால், கீழே பிள்ளைகள் காத்திருப்பார்கள். தண்ணீர் நிரப்பிய குண்டு பல்பை லென்சாக வைத்து, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, வேட்டித்துணியில் அவர்கள் படம் காட்டினார்கள். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டிய பலர் அந்தப் பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். உங்கள் கையில் இருந்த அந்த ஒரு சட்டகம் ஒரு படத்திலிருந்து குறைந்த சட்டகம். அன்று நானும் மகிழ்ச்சியோடுதான் போட்டேன். அன்றைக்கு இன்னொரு பிரதிக்கு லேபுக்குச் சொல்லி அனுப்பினால் போதும். இன்று அந்த லேபுகள் பிலிம் கழுவுவதை நிறுத்திவிட்டன. பூஜிபில்ம் நிறுவனம் 2013-இல் சினிமாப் பிலிம் தயாரிப்பையே விட்டுவிட்டது.

1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸின் பிரதி ஒன்றுகூட நம்மிடம் இல்லை. புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது அதற்கு 33 ஆண்டு கழித்து, 1964-இல். இடைப்பட்ட காலத்தில் வெள்ளி பிரித்தெடுப்பதற்காக எடைக்குப் போன பிரதிகள் எத்தனையோ. நெகட்டிவும் போய்விட்ட படத்துக்கு, திரையரங்கில் ஓடித் தேய்ந்த பிரதிதான் மூலம். நீங்கள் ஆட்டோவில் இறக்குவது அந்த மூலமாகவும் இருக்கலாம்.

சேர்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆள் பற்றாக்குறையால் முழுப் படத்தையும் ஒட்டி ஒரே தட்டில் போட்டு ஓட்டலாமா என்று என்னை இருவர் கேட்டார்கள். மல்டிபிளக்ஸ்களில் புதிய பிரதிகளை அப்படி ஓட்டினார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு ஒவ்வொரு ரீலின் தலையிலும் வாலிலும் உள்ள லீடரை, அதாவது ரீலை அடையாளம் காட்டும் முன்பின் துண்டை, வெட்டி எடுக்க வேண்டும். திரும்பப் பிரிக்கும்போது ஆறாம் ரீலின் தலை ஏழாம் ரீலில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி மாறிப்போன லீடரை நம்பி நானே ஒரு முறை ரீலை வரிசை மாற்றி ஓட்டி, செத்தவரை மறுபடி நடக்கவிட்டிருக்கிறேன். இரண்டு புரொஜக்டர் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ரீல் முடிய எட்டு விநாடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் வரும் புள்ளிக்கு இரண்டாம் மோட்டார். முடிய ஒரு விநாடி இருக்கும்போது வரும் புள்ளிக்கு ஒளிமாற்றம். ஒவ்வொரு புள்ளியும் நிற்பது 4 சட்டகம், அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு. அதைப் பிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். இரண்டு புரொஜக்டர் இல்லாத இடத்தில், டூரிங் கொட்டகையில் செய்தது போல, ரீலுக்கு ரீல் விளக்கைப் போட்டு நிறுத்துங்கள். பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. காட்சிக்கு இரண்டு நாள் முன்னதாகப் பெட்டி வந்து சேர வேண்டும். காட்சி ஓட்டும் மூன்று மணி நேரத்துக்குக் கூலி தருகிறீர்கள். மேசையில் உட்காரும் அந்த இரண்டு நாளுக்கும் தர வேண்டும். நான் என் ஒருவனுக்காக மட்டும் கேட்கவில்லை. என்னோடு தொழில் பார்த்தவர்களில் இன்னும் கண்ணும் கையும் நன்றாக இருப்பவர்கள் உண்டு. ஆட்டோ ஓட்டுகிறார்கள், கடையில் கணக்கு எழுதுகிறார்கள். இலவசமாக வந்து உதவுங்கள் என்று அவர்களைக் கேட்பது நியாயம் இல்லை. பக்கத்தில் இரண்டு மாணவர்களை உட்கார வையுங்கள். எங்களுக்குப் பிறகு அந்த விரல்பழக்கம் யாரிடமாவது இருக்க வேண்டும்.

மேசையில் கண்டதை ஒரு தாளில் எழுதி, அதே பெட்டியில் போட்டுத் திருப்பியனுப்ப வேண்டும். எந்த ரீலில் எத்தனை ஒட்டு, எங்கே துளை கிழிந்திருக்கிறது, முதல் சட்டகத்திலும் கடைசிச் சட்டகத்திலும் என்ன இருக்கிறது, எவ்வளவு நீளம் என்பவை அதில் வேண்டும். படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் மொத்த நீளமும் ரீல் எண்ணிக்கையும் எழுதியிருக்கும். கையில் இருக்கும் நீளத்தை அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு போயிருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும். அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர், தான் கெடுத்தது எது, தனக்கு முன் கெட்டது எது என்று அறிந்துகொள்வார். என் 33 ஆண்டில் அப்படி ஒரு தாளை எந்தப் பெட்டியிலும் நான் கண்டதில்லை. வசூல் எண்ணப் பெட்டியோடு வினியோகஸ்தரின் ஆளான ரெப் ஒருவர் வருவார். ஒட்டு எண்ண யாரும் வந்ததில்லை.

அந்த 11 அடி இப்போதும் என்னிடம் உறையில் இருக்கிறது. பிரதி எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதைச் சேர்க்க வேண்டும். அந்த முகவரியை அன்றைய அமைப்பாளர் எனக்குத் தெரிவித்தால், ஒன்பதாம் ரீல், எத்தனையாவது அடி என்ற குறிப்போடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அடுத்த திரையிடல் தை மாதத்தில் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமைக் காட்சி என்றால் வியாழக்கிழமை காலை முதல் பேருந்தில் வந்துவிடுவேன். ஜாயினர், டேப், கையுறை, அளவுகோல் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தூசி இல்லாத ஓர் அறை, அசையாத மேசை, இரண்டு கைப்பிடியும் சரியாகச் சுற்றும் ஒரு ரீவைண்டர் இவற்றை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்துவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர் ஒருவர்